புகைபோக்கியில் சிக்கிய மரம்

புகைபோக்கி கூட்டுகிற லீவி வியாழக்கிழமை தன் வீட்டுக்குப் பார்க்க வரப்போகிறாள் என்று தெரிந்ததிலிருந்தே எண்டெலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எஸ்தோனியாவில் வீட்டுக்காரரே தன் புகைபோக்கியைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை, தொழில் தெரிந்தவர் வந்து பார்த்துச் சரியென்று எழுதித் தரவேண்டும். இந்த வருஷம் எண்டெல் கூட்டவேயில்லை. ஒரு வெளியாள் வந்து புகைபோக்கியின் கரிக் கதவைத் திறந்து, ஒரு குளிர்காலத்துக் கரி முழுவதையும் பார்ப்பாள் என்று நினைத்தாலே, அழுக்குச் சட்டையோடு டாக்டர் முன்னால் உட்கார்ந்த மாதிரி இருந்தது. கூட்டுகிறவள் வருவதற்குள் கூட்டி வைத்துவிட வேண்டும்.

ஆனால் கூரையில் ஏற மாட்டேன் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். போன வருஷம் கூரை ஏணியிலிருந்து வழுக்கி லைலாக் புதருக்குள் விழுந்தபோது, விர்வே அவரைத் தூக்கி உட்கார வைத்துவிட்டுச் சொன்னாள், இன்னொரு தடவை மேலே கால் வைத்தால் கணப்படுப்பை இடித்துவிட்டுச் சுவரில் சூடுகாற்று மெஷின் மாட்டிவிடுவேன் என்று. விலை விசாரித்தும் வைத்திருந்தாள். எண்டெலுக்கு அந்த அடுப்பு இல்லாத வீட்டை நினைக்கவே முடியவில்லை. நாற்பது வருஷம் பஸ் ஓட்டிவிட்டு வந்த முதுகை அதன் வெதுவெதுப்பான, ஓடு பதித்த சுவரில் சாய்த்தால்தான் அவருக்குப் பொழுது முடியும்.

செவ்வாய்க்கிழமை விர்வே சேர்ந்திசைப் பயிற்சிக்குப் போனாள். கரி கூட்டும் தூரிகையையும் அதைக் கீழே இறக்கும் இரும்புக் குண்டையும் அவள் எங்கேயோ ஒளித்துவிட்டிருந்ததால், எண்டெல் அப்பா காலத்து வழியைப் பிடித்தார். வேலியோரத்தில் ஒரு இளம் ஊசியிலை மரத்தை வெட்டி, நுனியில் கல்லைக் கட்டி, மேலே ஏறிப் புகைபோக்கிக்குள் இறக்கினார். பாதி வழியில் மரம் நின்றுவிட்டது. அமுக்கினார், நகரவில்லை. இழுக்கப் பார்த்தார், கைக்கு எட்டாத ஆழத்துக்குப் போயிருந்தது.

அப்புறம் இரண்டு நாளும் வீட்டில் நெருப்பு இல்லை. அக்டோபர் மாதத்தில் இப்படி ஒரு வெயிலை நான் பார்த்ததேயில்லை என்று, இரண்டு கம்பளிச் சட்டைக்குள் இருந்துகொண்டு எண்டெல் சொன்னார். விர்வே குல்லாய் போட்டுக்கொண்டு சூப் குடித்தாள். ஆமாம், வேர்க்குது என்றாள்.

வியாழக்கிழமை காலையில் லீவி வந்தாள். முப்பது வயதிருக்கும், கறுப்பு உடுப்பு, இரண்டு வரிசைப் பித்தளைப் பொத்தான். புகைபோக்கி கூட்டுகிறவரின் பொத்தானைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்பது அந்த ஊர் நம்பிக்கை. விர்வே கதவைத் திறந்ததும் எல்லாரையும் போல ஒரு பொத்தானைத் தொட்டு அதிர்ஷ்டம் வாங்கிக்கொண்டாள். எண்டெல் தொடவில்லை. தொடுகிற தைரியம் வரவில்லை.

லீவி மண்டியிட்டு, அடியில் இருந்த கரிக் கதவைத் திறந்தாள். கரி கொஞ்சம் கொட்டியது. அதன்மேல் பச்சைப் பசேலென்று ஊசியிலைகள் கொட்டின. கண்ணாடியை உள்ளே நீட்டி மேலே பார்த்தாள். எண்டெலின் முகத்தைப் பார்த்தாள். வாசலில் ஏப்ரனோடு நின்ற விர்வேயைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"போன வாரம் காத்து பலமா அடிச்சுது இல்லம்மா? ஏதோ கிளை பறந்து வந்து விழுந்திருக்கும்" என்றாள்.

"அடிச்சுது, அடிச்சுது" என்றாள் விர்வே. "வேலியோரம் ஒரு மரத்தைக்கூடச் சாய்ச்சுட்டுது. கோடாலியால வெட்டின மாதிரி என்ன நறுவிசா வெட்டியிருக்கு அந்தக் காத்து."

லீவி கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். எண்டெல் அடுப்பின் வெள்ளை ஓடுகளைப் பார்த்தார். ஜில்லென்று இருந்தன. இந்தப் பெண் தனக்காக இன்னொரு பொய்யும் சொல்வாள் என்று அவருக்குத் தோன்றியது. அது வேண்டாம் என்றும் தோன்றியது.

"காத்து இல்ல விர்வே. நான்தான் ஏறினேன்" என்றார். "மெஷின்காரனுக்குப் போன் போடணும்னா போடு. சொன்ன பேச்சை நான்தான் காப்பாத்தல."

விர்வே ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள். "நீ கூரைமேல நின்னது எங்க பாட்டுக்கூடத்து ஜன்னல்ல நல்லாத் தெரிஞ்சுது, மனுஷா. மொத்தக் குழுவும் பாத்துச்சு. நீ அந்த மரத்தைக் கட்டிப்பிடிச்சு ஆடின ஆட்டத்துல ஆம்பளைங்க ஒருத்தரும் ராகத்துக்கு வரல. நீ விழுந்துடுவியோன்னு நான் பாட்டையே விட்டுட்டேன். ரெண்டு நாளா குளிர்ல உக்காந்திருக்கேன், நீ எப்பத்தான் வாயைத் தொறப்பியோன்னு."

லீவி சத்தமில்லாமல் ஏணியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அவள் மேலே போய்க் கொக்கியை இறக்கி இழுத்ததும் மரம் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. நுனியை முதலில் விட்டால் கிளையெல்லாம் குடை மாதிரி விரிந்துகொள்ளும், அடியை முதலில் விட்டிருக்க வேண்டும் என்று மேலிருந்தே சொன்னாள். தன் அப்பா அப்படித்தான் செய்வார் என்பது எண்டெலுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பிறகு குண்டும் தூரிகையும் விட்டுக் கூட்டினாள், விளக்கு இறக்கிப் பார்த்தாள். உள்ளே ஒரு விரிசலும் இல்லை. உச்சியில் மட்டும் இரண்டு செங்கல் ஆடின. எண்டெல் மரத்தோடு மல்லுக்கட்டியபோது சாய்ந்த இடம். இப்போதே பூசிவிடலாம், நாளைக்கு நெருப்பு மூட்டலாம் என்றாள்.

"அந்த மெஷின்?" என்று எண்டெல் மெல்லக் கேட்டார்.

"அதுல என்னால முதுகைச் சாய்க்க முடியுமா?" என்றாள் விர்வே. "அடுப்பு இருக்கட்டும். கூரை இனிமே லீவிக்கு. வருஷா வருஷம் அவதான் ஏறணும். அங்க என்ன பாத்துட்டு நிக்கற, சாந்து குழைச்சுக் கொடு."

எண்டெல் குழைத்தார். லீவி கயிற்றில் வாளியை மேலே இழுத்துக்கொண்டாள். அவர் இரண்டு கையாலும் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பாதமும் புல்லில் பதிய, அண்ணாந்து பார்த்தபடி நின்றார். கரி கண்ணில் விழுந்தது. சாந்து இன்னும் கொஞ்சம் கெட்டியா வேணுமா என்று கேட்டார்.