ஐந்தாவது தோட்டா

என் தங்கை ரோண்டா துப்பாக்கிக் கடைக்குத் தராசோடு வந்தாள். சமையலறையில் மாவு நிறுக்கிற சின்னத் தராசு. அதைக் கண்ணாடி மேசைமேல் வைத்துப் பொத்தானை அழுத்தினாள். எண் பூஜ்யத்துக்கு வந்ததும் கடைக்காரரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒவ்வொண்ணா எடுத்து வைங்க. எடையைப் பாத்துட்டு அப்புறம் பேசுவோம்."

கடைக்காரர் ஹால்வர்சன் முப்பது வருடமாக எங்கள் ஊரில் துப்பாக்கி விற்கிறார். மொன்டானாவில் அந்தத் தொழிலில் இருப்பவருக்குப் பொறுமை அதிகம் வேண்டும். "எத்தனையோ கிறுக்கைப் பாத்திருக்கேன். தராசோட வந்த முதல் கிறுக்கு நீதான்" என்றபடி அலமாரியைத் திறந்தார்.

முதுகுப் பையின் எடையைக் குறைப்பதில் அவளுக்கு ஒரு வெறி. மலையில் நாள் கணக்காக நடக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த வியாதி உண்டு, ஆனால் ரோண்டாவுக்கு முற்றிவிட்டது. பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக வெட்டியிருந்தாள். வரைபடத்தில் நாங்கள் போகாத மலைகளையெல்லாம் கத்தரித்து எறிந்திருந்தாள்.

அப்படிப்பட்டவள் துப்பாக்கி தூக்க முன்வந்ததற்குக் காரணம் போன செப்டம்பர். தனியாகப் போனவள் ஓடைக்கரையில் கூடாரம் போட்டுப் படுத்திருந்தாள். விடியும் நேரத்தில் ஒரு கிரிஸ்லி கரடி வந்து கூடாரத்தை முகர ஆரம்பித்தது. துணிக்கு அந்தப் பக்கம் அதன் மூக்கு, இந்தப் பக்கம் இவள் முகம். அரை மணி நேரம் முகர்ந்துவிட்டுத் தன் வழியே போய்விட்டது. இவள் மேல் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் ஃபிரிட்ஜ் உறுமினாலும் இவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மலைப்பக்கம் போவதையே நிறுத்திவிட்டாள்.

இருபத்தாறு கோடையாக நாங்கள் இருவரும் சேர்ந்து நடந்தவர்கள். ஜூன் மாதம் நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். பேச ஆள் இல்லாமல் ஒரே நாளில் திரும்பிவிட்டேன். வந்து அவள் கதவைத் தட்டிக் கெஞ்சினேன். "துப்பாக்கி இருந்தா வர்றேன்" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் யோசித்தேன்.

நாங்கள் நடக்கிற மலைப்பாதை ஓர் ஆள் அகலம். எப்போதும் நான் முன்னால் நடப்பேன், அவள் பின்னால் வருவாள். சருகு அசைந்தால் துள்ளுகிற ஒருத்தி, குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு, ஆறு நாள் என் முதுகுக்குப் பின்னால். கரடியைவிட எனக்கு அதுதான் பயம். வாய்விட்டுச் சொன்னால் அவள் வரமாட்டாள். வாயை மூடிக்கொண்டேன்.

ஹால்வர்சன் முதலில் ஓர் எஃகு ரிவால்வரை வைத்தார். தராசு முப்பத்தொன்பது அவுன்ஸ் என்றது, ஒரு கிலோவுக்கும் மேலே.

"இதைவிட என் கூடாரமே எடை கம்மி. எடுங்க" என்றாள் ரோண்டா.

"கனம் இருந்தாத்தான் கையில நிக்கும்மா. கரடி வர்ற நேரத்துல தராசப் பாக்கவா போற?"

"அது வர்ற வரைக்கும் நான்ல தூக்கணும்."

கடைசியில் ஒரு குட்டி ரிவால்வர் வந்தது. ஐந்து குண்டு, பன்னிரண்டு அவுன்ஸ். ரோண்டாவின் முகம் மலர்ந்தது. ஹால்வர்சனுக்கு முகம் சுண்டிவிட்டது.

"இது உதைக்கிற உதையில கை பிஞ்சிடும். இன்னொண்ணும் இருக்கு. நாலு ரவுண்டு சுட்டா, அந்த உதையில அஞ்சாவது தோட்டாவோட ஈயம் கொஞ்சம் கொஞ்சமா வெளிய நழுவும். நழுவிச்சுன்னா தோட்டா நிக்கிற உருளை சுத்தாது, ட்ரிகர் இறுகிடும். சுட்டுப் பாத்துட்டு அஞ்சாவதை எடுத்துப் பாரு, என்ன?"

ரோண்டா எடையைக் குறித்துக்கொண்டிருந்தாள். தலையாட்டினாளா என்று எனக்கு நினைவில்லை. நான் கேட்டேன், ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

"கரடி மூஞ்சியில அடிக்கிற மிளகாய் ஸ்ப்ரே போதாதா உனக்கு?" என்று கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். "ரெண்டு பேருக்கும் சேத்து நான் தூக்கறேன்."

"எதிர்க்காத்து அடிச்சா உன் மூஞ்சியிலதான் மிளகாய் விழும். முன்னாடி போறவ நீ, ட்வைலா. அது பாஞ்சா முதல்ல உன் மேலதான் பாயும். பின்னாடி நான் சும்மா நின்னு வேடிக்கை பாக்கவா?"

அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பயந்தவள் பேசுகிற பேச்சு என்று நினைத்தேன்.

மறுநாள் ஊருக்கு வெளியே சரளைக் குழியில் சுட்டுப் பார்த்தோம். முதல் குண்டிலேயே அவள் கை தலைக்கு மேலே போனது. நாலாவதில் கட்டை விரலுக்குக் கீழே தோல் கிழிந்து ரத்தம் வந்தது. "போதும், என்னால முடியாது" என்று உதறினாள்.

"கொடு, நான் நிரப்பித் தர்றேன்" என்று வாங்கினேன்.

உருளையைத் திறந்து காலியான நாலையும் நகத்தால் நெம்பி எடுத்தேன். ஐந்தாவது உள்ளேயே இருந்தது. அதன் ஈயம் புதுத் தோட்டாவைவிட ஒரு நூலளவு வெளியே நீண்டிருந்தது. ஹால்வர்சன் சொன்னது அப்படியே. அடுத்து சுட வேண்டியதும் அதுதான்.

ரோண்டா முதுகைக் காட்டிக்கொண்டு கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் புதிதாக நாலு தோட்டாவைப் போட்டேன், அந்த ஐந்தாவதை விட்டுவிட்டேன், மெதுவாக மூடி அவளிடம் கொடுத்தேன். மலையேறக் கிளம்பும்போது மிச்சத் தோட்டாக்களை அவள் காரிலேயே விட்டுவிட்டாள். எடைக் கணக்கு.

கரடி வந்தால் என் ஸ்ப்ரே இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் நாள் முழுவதும் அதையே சொல்லிக்கொண்டு நடந்தேன். இரண்டாம் நாள் அது வேலை செய்யவில்லை. வழியில் கரடி எச்சம் கிடந்தது, ஆவி இன்னும் அடங்கவில்லை. ரோண்டா மார்பில் மாட்டிய துப்பாக்கி உறைமேல் கையை வைத்தபடி நடந்தாள். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

"என்னடி, அடிக்கொரு தரம் பாக்கற? ஓடிப் போயிடுவேன்னா?" என்று கேட்டாள்.

"ஷூ கயிறு அவுந்த மாதிரி இருந்துச்சு."

"என்னுதா, உன்னுதா?"

நடையை எட்டிப் போட்டேன். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அந்தத் துப்பாக்கி சுடும். சொல்லாவிட்டால் சுடாது. எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் உட்காரத் தோன்றியது.

அன்று படுத்ததும் ரோண்டா தூங்கிவிட்டாள். ஒரு வருடத்தில் முதல் முறையாக அடித்துப் போட்டதுபோலத் தூங்கினாள். வெளிச்சம் வந்தும் விழிக்கவில்லை. பாவம் தூங்கட்டும் என்று நான் சத்தமில்லாமல் வெளியே வந்தேன். கரடி மோப்பம் பிடித்துக் கூடாரத்துக்கு வராமலிருக்க, உணவுப் பையை நூறு தப்படி தள்ளி மரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தோம். அதை இறக்கப் போனேன்.

கரடி இருக்கிற காட்டில் நடமாடுகிறவர்கள், அது விலகிப் போகட்டும் என்று குரல் கொடுத்துக்கொண்டே நடப்பார்கள். "ஏ கரடி, வர்றேன்" என்று கத்துவது எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. அன்று நான் கத்தவில்லை. தங்கை தூங்குகிறாளே என்று பூனைபோல வந்தேன். மூடுபனி ஆளுயரத்துக்கு நின்றது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு புதரை விலக்கித் திரும்பியபோது, கூடாரத்து வாசலில் ரோண்டா மண்டியிட்டிருந்தாள். இரண்டு கையாலும் பிடித்த துப்பாக்கி என் நெஞ்சுக்கு நேராக இருந்தது. அவள் விரல் விசையை இழுப்பதைப் பார்த்தேன். இறுகியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தாள்.

"ரோண்டா, நான்தான்" என்றேன்.

துப்பாக்கி அவள் மடியில் விழுந்தது. நான் பையைக் கீழே போட்டுவிட்டு அவளிடம் போனேன்.

பிறகு அவள் உருளையைத் திறக்கப் போராடினாள். கத்தியை விட்டு நெம்பித் திறந்து, ஐந்தையும் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள். நீண்டிருந்ததைத் தனியாக எடுத்தாள்.

"ஹால்வர்சன் சொன்னது இதுதானே?"

"இதுதான்."

"நீதானே நிரப்பின. அன்னிக்கே பாத்தியா?"

பொய் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. "பாத்தேன்" என்றேன்.

"அப்ப மூணு நாளா என்னை வெறும் இரும்ப மாட்டிக்கிட்டு நடக்க விட்டிருக்க. கரடி வந்திருந்தா?"

"ஸ்ப்ரே இருந்துச்சே."

"அது உன்கிட்ட இருந்துச்சு. உன் மேல அது விழுந்து கிடந்தா, என்கிட்ட என்ன இருந்துச்சு?"

கடையில் அவள் சொன்னது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. அவள் துப்பாக்கி கேட்டது தனக்காக இல்லை. மூன்று நாளும் அவள் கண் என் முதுகைத்தான் காவல் காத்திருக்கிறது. நான் அந்தக் கண்ணுக்குப் பயந்து நடந்திருக்கிறேன்.

"நீ ஒழுங்கா சொல்லியிருந்தா, இப்ப நான் உன்னைக் கொன்னிருப்பேன்" என்றாள் ரோண்டா. சொல்லிவிட்டுப் பாறைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள்.

நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. கூடாரத்தைச் சுருட்டினோம். கிளம்பும்போது ஐந்து தோட்டாவையும் என் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"மூணு அவுன்ஸ்கூட இருக்காது. நீயே தூக்கு."

காலித் துப்பாக்கியைத் தன் பைக்குள் திணித்தாள். என் பையின் தோள்வாரில் இருந்த ஸ்ப்ரேயைக் கழற்றித் தன் வாரில் மாட்டிக்கொண்டு என்னைத் தாண்டி முன்னால் போனாள். இருபத்தாறு வருடத்தில் அவள் முதுகைப் பார்த்து நான் நடந்ததில்லை. தோள் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. அழுகிறாளா, பயமா என்று தெரியவில்லை.

முதல் திருப்பத்தில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, குரல் கொடுத்தாள்.

"ஏ கரடி. வழிய விடு. நாங்க ரெண்டு பேர் வர்றோம்."

ரெண்டு பேர் என்று அவள் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டு, பையில் தோட்டாக்கள் உரச, நான் பின்னால் நடந்தேன்.