இருநூற்றுப் பதின்மூன்றாம் பக்கம்

நூலகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. களஞ்சியம் என்று கேட்டால் வாசல் காவலாளிகூட மூன்றாவது மாடியைக் காட்டுவார். கிழிந்த புத்தகங்களைத் தைத்து ஒட்டும் அறை அங்கேதான் இருந்தது. இருபத்தியொரு வருஷமாக அதே மேஜை, அதே ஊசி நூல், அதே பசைக் கிண்ணம். பசை காய்வதற்கு நாற்பது நிமிஷம் ஆகும். அந்த நாற்பது நிமிஷத்தில் எந்தப் புத்தகம் மேஜையில் கிடக்கிறதோ அதைப் படிப்பாள். எழுத்தே இல்லாமல் கயிற்று முடிச்சிலேயே சேதி வைத்துக்கொண்ட மலைநாட்டார் கதை ஒரு நாள் வரும். மறுநாள், வீட்டுக்காரர் செத்துப்போனால் தேன்கூட்டுக்குப் போய்த் தேனீக்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு வருகிற ஜனங்களின் வழக்கம். இன்ன புத்தகம்தான் என்று கிடையாது, கிழிந்திருந்தால் போதும். காய்ந்ததும் புத்தகம் கீழே போய்விடும். அதனால் உலகத்தில் எல்லாமே அவளுக்குத் தெரியும். எல்லாமே பாதி தெரியும். மீதிப் பாதியை வாய் பார்த்துக்கொள்ளும்.

அந்த வாய்க்கு முதல் ரசிகர் லிஃப்ட்காரர். ஏறும்போது ஒரு கதை, இறங்கும்போது ஒரு கதை. மூன்று மாடிக்குள் முடியாவிட்டால் கதவைத் திறக்காமல் பிடித்து வைத்துக்கொண்டு, “முடிச்சுட்டுப் போ தங்கச்சி, ஒருத்தரும் மணி அடிக்கலை” என்பார். அடித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

அவர் மனைவி திடீரென்று போய்விட்டாள். ஒரு வேலை நாள், பகல் பதினொரு மணி. அவர் லிஃப்டில் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் போன் செய்து, அவர் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இரண்டு வாரம் கழித்து வேலைக்கு வந்தவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. களஞ்சியத்தின் அறைக்கு மட்டும் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து, திறக்காமலே உட்கார்ந்திருந்தார். நாலைந்து நாள் அப்படிப் போனபிறகு ஒருநாள் தானாகவே சொன்னார்.

“காலையில கிளம்பறப்ப, ஜன்னல் கொக்கியை எப்பதான் சரி பண்ணப் போறீங்கன்னு கேட்டா. லேட்டாச்சேன்னு பதில் சொல்லாம வந்துட்டேன். முப்பத்திரண்டு வருஷத்துல அதுதான் தங்கச்சி கடைசிப் பேச்சு. கொக்கியை மாட்டிட்டேன், அது ஒண்ணும் பெரிய வேலை இல்லை. பதில்தான் சொல்லலை.”

அன்றைக்கு மேஜையில் இருந்தது ஒரு தடித்த பழைய புத்தகம். எந்தெந்த ஜனங்கள் சாவைப் பற்றி என்னென்ன நம்பினார்கள் என்று அதில் அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டிருந்தது. காலையில்தான் ஒரு தீவு மக்களைப் பற்றிப் படித்திருந்தாள். செத்தவர் ஆற்றங்கரைக்குப் போவார், அங்கே படகுக்காரன் நிற்பான், ‘உனக்கு வீட்டில் பாக்கி ஏதாவது இருக்கிறதா?’ என்று கேட்பான். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் அத்தோடு முடிந்தது. அடுத்த தாளைக் காணோம். காணாமல் போன தாளுக்குப் பதில் வெற்றுத் தாள் ஒன்றை வைத்துத் தைத்து, ‘இப்பக்கம் இல்லை’ என்று முத்திரை குத்துவது அந்த அறையின் வழக்கம். அவளே தன் கையால் குத்தியிருந்தாள். மை காய்ந்து மூன்று மணி நேரம்கூட ஆகியிருக்காது.

ஆனாலும் எதிரே ஒரு மனுஷன் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும்போது, முத்திரையா ஞாபகம் வரும்? அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். பதில் கிடைக்காத கேள்வியோடு போனவர்களைப் படகுக்காரன் கரையிலேயே உட்கார வைப்பானாம். வீட்டில் இருக்கிறவர், கேள்வி கேட்ட அதே நேரத்தில், நூறு நாள் வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டுமாம். நூறாம் நாள் படகு கிளம்புமாம்.

லிஃப்ட்காரர் நிமிர்ந்து பார்த்தார். புத்தகத்தில் போட்டிருக்கிறதா என்று கேட்டார்.

“போட்டிருக்கு அண்ணே” என்றாள் களஞ்சியம்.

அவர் டப்பாவைத் திறந்தார். அவளுக்கு அன்றைக்கெல்லாம் தரையில் கால் பாவவில்லை. நாமும் ஒருத்தருக்கு ஒரு வாய் சோறு இறங்க வழி செய்தோம் என்று தன்னையே மெச்சிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவர் வேலைக்குக் கொஞ்சம் தாமதமாக வரத் தொடங்கினார். சட்டைக் கையின் நுனி பெரும்பாலும் ஈரமாக இருக்கும். பாவம், பாத்திரம் எல்லாம் தானே கழுவுகிறார் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். கேட்கவில்லை. அந்தக் கதையையும் மறந்துவிட்டாள். அவளுக்கு அது நூற்றில் ஒரு கதை.

அறுபது நாளுக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு திங்கட்கிழமை லிஃப்டை இரண்டாம் மாடியிலேயே நிறுத்தினார். மகள் வந்து தங்கியிருந்தாளாம், காலையில் இவர் பேசுவதைக் கேட்டுவிட்டாளாம். வீட்டைக் காலி செய்துவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி பிடிவாதம் பிடிக்கிறாளாம். அங்கே அவளுக்குத் தெரிந்த டாக்டர் இருக்கிறாராம். பல் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிற பெண். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள்.

“எனக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு பயப்படறா. நானா கட்டின கதை இல்லைம்மா, பெரிய புக்குல போட்டிருக்குன்னு சொன்னேன். நம்ப மாட்டேங்கறா. புதன்கிழமை கூட்டிட்டு வர்றேன் தங்கச்சி. அந்த ஒரு பக்கத்தை மட்டும் காட்டிடு, போதும். அவ அம்மா இருந்த வீடு அது. என்னால விட்டுட்டு வர முடியாது.”

அந்த இடத்தில் அவள் சொல்லியிருக்கலாம். அங்கே அவர்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள், கதவும் மூடியிருந்தது. “அதுக்கென்னண்ணே, காட்டறேன்” என்று சொன்னாள்.

திங்கள் மத்தியானமும் செவ்வாய் முழுக்கவும் அவள் வேறு வேலை பார்க்கவில்லை. அந்தப் புத்தகத்தைக் கீழிருந்து வரவழைத்தாள். அதன் பக்கங்களையே நகல் எடுத்து, வேண்டிய சொற்களைக் கத்தரித்தாள். ‘மனைவி’ தொண்ணூற்றேழாம் பக்கத்தில் கிடைத்தது, ‘கரை’ நாற்பதில் கிடைத்தது. ‘நூறு’ என்பதற்காக இரண்டு மணி நேரம் தேடினாள். வரி வரியாக ஒட்டி, மறுபடி நகல் எடுத்து, கழித்துக்கட்டிய புத்தகம் ஒன்றின் பழுப்பேறிய வெற்றுத் தாளில் அச்சாக்கினாள். பின்பக்கத்துக்குப் படகுப் படம் ஒன்றைப் பெரிதாக்கிப் போட்டு ஒப்பேற்றினாள். முத்திரை குத்திய தாளை அறுத்து எடுத்துவிட்டு இதை வைத்துத் தைத்தபோது, வெட்கக்கேடு என்னவென்றால், தையல் அவ்வளவு நன்றாக அமைந்தது. இருபத்தியொரு வருஷத்தில் இப்படி ஒரு தாளை அவள் சேர்த்ததில்லை. விரலால் தடவிப் பார்த்து, ஒரு கணம் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் பின்னாளில் அவளுக்குச் சோறு இறங்காது.

புதன்கிழமை லிஃப்ட்காரர் தோய்த்துத் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மகள் கூடவே வந்தாள். சண்டைக்கு வந்தவள் மாதிரி இல்லை. அறையைச் சுற்றிப் பார்த்தாள், பசை வாசனைக்கு மூக்கைச் சுருக்கிச் சிரித்தாள்.

“அப்பா வீட்டுல உங்க கதையைத்தான் சொல்லிட்டே இருப்பார். அம்மா கிண்டல் பண்ணுவாங்க, உங்க தங்கச்சி இன்னிக்கு எந்த ராஜாவைக் கொன்னான்னு. அப்பாவுக்குத் தங்கச்சின்னா எனக்கு அத்தை. அத்தைன்னு கூப்பிடலாமில்ல?”

களஞ்சியம் தலையாட்டினாள். புத்தகத்தை இருநூற்றுப் பதின்மூன்றில் திறந்து நகர்த்தி வைத்தாள்.

மகள் வாய்விட்டுப் படித்தாள். கரை, படகுக்காரன், கேள்வி, நூறு நாள். படிக்கப் படிக்க அவள் குரல் இறங்கியது. லிஃப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், உதடு கூடவே அசைந்தது. முடித்துவிட்டு மகள் தாளைத் திருப்பினாள். படகுப் படத்தைப் பார்த்தாள். மறுபடி முன்பக்கத்துக்கு வந்தாள்.

“தண்ணி எங்கே இதுல?” என்றாள்.

களஞ்சியத்துக்கு ஒன்றும் புரியவில்லை.

மகள் விளக்கினாள். அப்பா தினமும் காலை ஏழே முக்காலுக்குச் சமையலறைக் குழாயைத் திறந்து விடுகிறார். ஓடுகிற தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு, ‘இன்னிக்கே சரி பண்ணிடறேன்’ என்று சொல்கிறார். சொல்லி முடித்தபிறகும் கால் மணி நேரம் தண்ணீர் ஓடுகிறது. பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள். தண்ணீர் வழியாகத்தான் அந்தப் பக்கம் கேட்கும் என்று புத்தகத்தில் இருப்பதாக அப்பா சொன்னார். இதில் தண்ணீர் என்ற பேச்சே இல்லையே.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ‘ஓடற தண்ணியில கை வெச்சுட்டுச் சொல்லணுமாம் அண்ணே, கரைக்கு இந்தப் பக்கம் பேசறது தண்ணி வழியாத்தான் அந்தப் பக்கம் போகுமாம்.’ சொன்னது அவள்தான். டப்பாவை அவர் திறந்தபிறகு, கதை ருசிக்கட்டும் என்று போகிற போக்கில் சேர்த்தது. சொன்னவளுக்கு மறந்துவிட்டது. கேட்டவர் அறுபத்திமூன்று நாளாக அதைச் செய்துகொண்டிருக்கிறார்.

லிஃப்ட்காரர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். ரொம்ப நேரம் இல்லை, ஒரு மாடி ஏறுகிற நேரம். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

“தண்ணி நானா சேர்த்துக்கிட்டதும்மா. தங்கச்சி சொல்லலை.”

மகள் புத்தகத்தை மெதுவாக மூடினாள். அவள் குரலில் சந்தேகம் போய் இரக்கம் வந்துவிட்டது, அதுதான் மோசம்.

“இதைத்தானேப்பா சொல்றேன். இல்லாததை இருக்குன்னு நினைச்சுக்கறீங்க. புக்குல இருக்கறதைச் செஞ்சா நான் ஒண்ணும் சொல்லப் போறதில்லை. நீங்களா சேர்த்துக்கறீங்க பாருங்க, அதுக்குத்தான் பயமா இருக்கு. சனிக்கிழமை வண்டி சொல்றேன். இப்படித் தனியா இருக்க வேண்டாம்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். களஞ்சியத்தின் பெயரைக் காப்பாற்ற ஒரு மனுஷன் தன் வீட்டையே விட்டுக்கொடுத்துவிட்டு நிற்கிறார் என்பது அவளுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. உறைத்ததும் காது மடல் வரை சுட்டது. சும்மா இருந்தால் போதும், சனிக்கிழமையோடு எல்லாம் முடிந்துவிடும். கீழ்த்தளத்திலிருந்து மூன்றாம் மாடி வரைக்கும் அவள் களஞ்சியமாகவே இருக்கலாம்.

“தண்ணி நான் சொன்னது” என்றாள்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

“உங்கப்பா எதையும் சேர்க்கலை. நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாம ஞாபகம் வெச்சிருக்கார். எனக்குத்தான் மறந்துபோச்சு. நூறு நாளும் நான் சொன்னதுதான். இந்தப் பக்கம் இந்த புக்குல கிடையாது. நேத்துதான் செஞ்சேன்.”

மகள் நம்பவில்லை. களஞ்சியம் மேஜை இழுப்பறையைத் திறந்து, கத்தரித்து மிஞ்சிய துண்டுகளைக் காட்டினாள். பொடிப்பொடியாகச் சொற்கள். அறுத்து எடுத்த வெற்றுத் தாளையும் எடுத்து வைத்தாள். ‘இப்பக்கம் இல்லை’ என்ற முத்திரை, கீழே தேதி, அவள் கையெழுத்து. தேதியை மகள் இரண்டு தடவை படித்தாள்.

“அப்படின்னா, எங்கப்பாகிட்ட சொன்ன அன்னிக்கே உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“எங்கம்மா செத்து மூணு வாரம்கூட ஆகலை மேடம்.”

அத்தை என்ற சொல் அந்த அறைக்குள் வந்து கால் மணி நேரம்தான் இருந்தது. போனபோது சத்தமே இல்லாமல் போனது.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். தினமும் அத்தனை ராஜாக்களையும் பேச வைத்த வாய், இதற்கு வரவில்லை. மகள் அப்பாவின் கையைப் பிடித்து, வாங்கப்பா போகலாம் என்றாள். வண்டி வேண்டாம், உங்களுக்கு ஒன்றும் இல்லை, தப்பு என் மேலேதான் என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். அவர் நகரவில்லை. கோபப்படுவார் என்று களஞ்சியம் காத்திருந்தாள். கோபப்பட்டால் தேவலை என்றிருந்தது.

“தேனீ?” என்று கேட்டார்.

“என்னண்ணே?”

“செத்துட்டா தேனீகிட்டப் போய்ச் சொல்லுவாங்கன்னு சொன்னியே. அது?”

“அது புத்தகத்துல இருக்கு. சத்தியமா இருக்கு.”

“கயித்துல முடிச்சு?”

“அதுவும் இருக்கு.”

“ராணியோட செருப்பை நாய் தூக்கிட்டுப் போச்சு, அதுக்காகப் பட்டாளம் கிளம்புச்சே. இவ அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும் அந்தக் கதை. நாலு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டா.”

களஞ்சியம் யோசித்தாள். ராணி இருந்தாள், அது நிச்சயம். பட்டாளமும் இருந்தது. நாய் எந்தப் பக்கத்தில் வந்தது, பசை காய்வதற்கு முன்னாலா பின்னாலா என்று எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

“தெரியலண்ணே” என்றாள்.

அவர் தலையாட்டினார். மகளோடு வெளியே போனார். லிஃப்ட் கதவு மூடுகிற சத்தம் கேட்டது.

அன்றைக்கே அந்தத் தாளை அறுத்து எடுத்து, வெற்றுத் தாளை அதன் இடத்தில் வைத்துத் தைத்தாள். பழைய துளையிலேயே ஊசி போகவில்லை, தையல் கோணலாக விழுந்தது. அப்படியே விட்டாள். நூலகரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் எழுதி வாங்கிக்கொண்டு, இனிமேல் இப்படிச் செய்யக் கூடாது என்று கண்டித்தார். அந்தக் கண்டிப்பு அவளுக்கு எங்கேயும் போய்த் தைக்கவில்லை. தைக்க வேண்டியது ஏற்கெனவே தைத்திருந்தது.

அதன்பிறகு படிக்கட்டில்தான் ஏறினாள். ஐம்பத்திரண்டு வயதில் மூன்று மாடி. இரண்டாவது வளைவில் நின்று மூச்சு வாங்கும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் போகிற சத்தம் கேட்கும். உள்ளே பேச்சு எதுவும் கேட்காது. என்ன களஞ்சியம், உடம்பைக் குறைக்கிறாயா என்று கீழே உள்ளவர்கள் கிண்டல் செய்தார்கள். அந்தப் பெயரை அவர்கள் சொல்லும்போதெல்லாம் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைக்கப் பழகிக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில், தைத்து முடித்த புத்தகங்களைத் தள்ளுவண்டியில் கீழே கொண்டுபோக வேண்டியிருந்தது. வண்டியைப் படிக்கட்டில் இறக்க முடியாது. வேறு வழியில்லாமல் மணியை அடித்தாள்.

கதவு திறந்தது. அவர் ஒதுங்கி இடம் விட்டார். அவள் வண்டியை உள்ளே தள்ளி, முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாள். மேலே கிடந்த புத்தகத்தை அவர் பார்த்ததை அவள் பார்த்தாள். முன்னெல்லாம் இந்நேரம், இன்னிக்கு என்ன கதை என்று கேட்டிருப்பார். அவர் பொத்தானை அழுத்தக் கையை நீட்டினார்.

சட்டைக் கையின் நுனி ஈரமாக இருந்தது.

எழுபத்திமூன்றாம் நாளா, எழுபத்திநாலாம் நாளா என்று அவளுக்குக் கணக்குத் தப்பியது. வேண்டாம் அண்ணே என்று சொல்லவும் அவளுக்கு வாயில்லை, செய்யுங்கள் என்று சொல்லவும் வாயில்லை. லிஃப்ட் மூன்று மாடி இறங்கி முடிக்கும்வரை அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கீழே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு அவர், “பார்த்துத் தள்ளு” என்றார். தங்கச்சி என்று சொல்லவில்லை. அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல் வெளியே போனாள்.