இலை போட்ட பாக்கெட்

கிழக்கு வெளுக்கும் முன்பே ஒத்தக்கடைக் குப்பைக் கிடங்கில் நாற்றம் விழித்துவிடும். இருளாயி முந்தானையால் மூக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு குவியலைக் கிளறினாள். மூத்திரத்தில் ஊதிப்போன டயாப்பர் ஒன்று கையில் பிதுங்கியது. கையுறையின் கிழிசல் வழியே அதன் கூழ் விரலிடுக்கில் ஒட்டியது. அடியில் சுற்றாமல் எறிந்த நாப்கின். அதன்மேல் ஈ அப்பிக் கிடந்தது. அதை ஒதுக்கிவிட்டு அடுத்த பாக்கெட்டை இழுத்தாள்.

குழந்தைக்குத் துடைக்கிற ஈரத்துணிகளை அடுக்குமாடிக்காரர்கள் அவை வந்த பாக்கெட்டிலேயே திணித்து எறிவார்கள். பாக்கெட்டில் பச்சை இலைப் படம் போட்டிருந்தால் மக்கும் குவியலில் சேர்க்க வேண்டும் என்பது மேஸ்திரி அழகுபாண்டி சொல்லிக்கொடுத்த வழக்கம். எல்லோரும் அப்படியே சேர்த்தார்கள். அந்தக் குவியலை நேற்று அரவை மிஷினில் கொட்டியபோது, மக்காத துணிகள் கயிறாக முறுக்கித் தண்டில் சுற்றிக்கொண்டன. ஓடும் மிஷினை நிறுத்தக் கூடாதென்பது ஒப்பந்தக்காரர் சிவபாண்டியின் உத்தரவு. துணியைப் பிடுங்கப்போன, கூட வேலைபார்க்கும் சத்யப்ரியாவின் இரண்டு விரல்கள் துண்டாகிப் போயின. இன்று அவள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

சிவபாண்டி காரைவிட்டு இறங்கும்போதே கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, மிஷின் ஏன் ஓடல?"

"நேத்து தின்னது செரிக்கலையாம் மொதலாளி," என்றாள் பக்கத்தில் குப்பை பிரித்துக்கொண்டிருந்த ஜெனி.

"அவ அசட்டையா இருந்ததுக்கு நான் என்ன பண்ண? கைய விட்டுப் பிடுங்கிட்டுப் போடுங்க."

இருளாயி ஒரு துணியை உதறி நீட்டினாள். "மக்குற குவியல்ல ஆடியில போட்டது. இப்பத் தை பொறந்தாச்சு. கூடக் கெடந்த வாழப்பழத் தோலு மண்ணாப் போச்சு. இதுல ஒரு நூலு பிரியல. அம்புட்டும் பிளாஸ்டிக்கு. தொட்டுப் பாருங்க."

அவர் இரண்டடி பின்வாங்கினார். "தூர எறி, கருமம்!"

"ஒங்களுக்குக் கருமம். எங்களுக்கு மட்டும் சந்தனமா?"

"இலை போட்டு வித்தவன்ட்டப் போயிக் கேளு!"

"அவனையும் கேப்போம். ஆனா, மிஷின நிப்பாட்டாதேன்னு சொன்னது அவனில்ல. வீட்டுலயே இதையெல்லாம் தாள்ல சுத்தித் தனியாக் குடுக்கச் சொல்லுங்க. ஓடுற மிஷினுல இனி ஒருத்தி கைய விடமாட்டா. சத்யா வைத்தியமும் ஒங்க பொறுப்பு."

"இம்புட்டுப் பேச்சா? திருமங்கலத்துலருந்து ஆளக் கூட்டியாரேன், பாரு. மேஸ்திரி, மிஷினப் போடு!"

பெண்கள் மிஷினை மறித்து உட்கார்ந்தார்கள். அழகுபாண்டி சுவிட்சுவரை போனார். தண்டில் சுற்றியிருந்த துணியில் ரத்தம் கறுத்திருந்தது. "மக்கும்னு சொல்லிக்குடுத்தவனே நாந்தான். என்னால முடியாதுண்ணே," என்று திரும்பி வந்து பெண்களோடு மிஷின் முன்னால் உட்கார்ந்தார்.

உச்சி வெயிலில் வேன் வந்தது. இறங்கிய திருமங்கலத்துப் பெண்களை இருளாயி தடுக்கவில்லை. மிஷினருகே கூட்டிப்போய்த் தண்டைக் காட்டினாள். அவர்களில் மூத்தவள் வெகுநேரம் பார்த்தாள், காறித் துப்பினாள்.

"ஏறு வண்டியில, இல்லாட்டி மிஷினப் போடு!" என்று அவளைப் பார்த்துக் கத்தினார் சிவபாண்டி.

அவள் இரண்டும் செய்யவில்லை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள்.

"எங்க கிடங்குலயும் இதே எழவுதான். தள்ளி உக்காரு தாயி," என்றாள். இருளாயி இடம்விட்டாள். மற்றவர்களும் வந்து நெருக்கிக்கொண்டு அமர்ந்தார்கள்.