காகிதக் கடையின் கறார் வாடிக்கைக்காரி

சந்தையில் அவரை எல்லாரும் மைக் என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் நாலு கடை தாண்டிக் கேட்கும். வாராவாரம் கூடும் கைவினைச் சந்தையில் கையால் செய்த காகிதச் சாமான் விற்பவர். வாழ்த்து அட்டை, நோட்டு, உறை, விளக்குக்கு மாட்டும் கூடு எல்லாம் உண்டு. "மெஷின் காகிதம் இல்லீங்க. இந்தக் கையால கூழ் கரைச்சு, இந்தக் கையால தாள் எடுத்தது" என்று இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டுவார். அந்தக் கைகள் முக்கால் ஆயுளைத் துணிக்கடையில் துணி விரித்துப் போட்டே கழித்தவை. கூழ்த் தொட்டியை விரலால்கூடத் தொட்டதில்லை.

தாள் எடுப்பவள் அவர் மனைவி. வேலையில் கெட்டிக்காரி, விற்பதில் வெகுளி. யாராவது ஒரு நோட்டைக் கையில் எடுத்தால் போதும், "ஓரத்துல கொஞ்சம் பிசிறு இருக்கு, பாத்துக்கோங்க" என்று தானே குறை சொல்லிவிடுவாள். அவளைக் கடையில் உட்காரவைத்தால் கல்லா ஈ ஓட்டும் என்று கண்டுகொண்ட மைக், அவளுக்கு வேறு உத்தியோகம் கொடுத்தார். வாடிக்கைக்காரி உத்தியோகம்.

கூட்டம் குறையும் நேரம் பார்த்துத் தோளில் பையோடு வருவாள். நோட்டைப் புரட்டுவாள், முகர்ந்து பார்ப்பாள், விலை கேட்டு நெஞ்சில் கை வைப்பாள். "ஏம்ப்பா, தாளுக்கு விலை சொல்றியா, தங்கத்துக்குச் சொல்றியா?" பேரம் சூடு பிடித்தால் வேடிக்கை பார்க்க நாலு பேர் நிற்பார்கள். நின்றவர்களில் இரண்டு பேராவது வாங்குவார்கள்.

வாரத்தில் ஒரு நாள் கட்டின புருஷனை 'ஏம்ப்பா' என்று கூப்பிடுவதில் அவளுக்குத் தனி ருசி. அந்த ருசியில் சில நாள் உண்மையாகவே பேசி ஜெயித்துவிடுவாள். "நடிக்கச் சொன்னா அசலுக்கே உலை வைக்கிறியே!" என்று வீட்டில் மைக் தலையில் அடித்துக்கொள்வார். "நீங்க ஏன் எறங்கினீங்க?" என்பாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு முன்னால் ஒரு கல் வந்து விழுந்தது. யாரோ ஆலையில் செய்த பொம்மையைக் கைவேலை என்று விற்று மாட்டிக்கொள்ள, சந்தை மேனேஜரம்மா புது விதி போட்டார். ஒவ்வொரு கடைக்காரரும் தம் பொருளை அவர் கண்முன்னே செய்து காட்ட வேண்டும். காட்டாதவர் கடையைக் காலி செய்ய வேண்டும்.

"நான் வந்து எடுத்துக் காட்டுறேங்க" என்றாள் மனைவி.

"நீ எப்படி வருவ? நீதான் வாடிக்கைக்காரியாச்சே! சந்தைக்கே உன் மூஞ்சி தெரியும். இத்தனை நாளும் ஊரை ஏமாத்தினோம்னு நாமளே தண்டோரா போடணுமா?"

"அப்போ?"

"நானே எடுக்கிறேன். சல்லடையைத் தண்ணியில முக்கித் தூக்கணும், அவ்வளவுதானே? தினம் பாக்கிறேனே."

மனைவி கூழைக் கரைத்து வாளியில் ஊற்றி, தொட்டியும் சல்லடையும் எடுத்துக் கொடுத்தாள்.

சந்தையன்று மேனேஜரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வந்து நின்றார். பின்னால் ஒரு கூட்டம். பக்கத்துக் கடை மெழுகுவத்திக்காரி முக்காலியைப் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டாள். கூட்டத்தில் தோள் பையோடு மைக்கின் மனைவியும் நின்றாள்.

மைக் சட்டைக் கையை மடித்துவிட்டு, சல்லடைச் சட்டத்தைத் தொட்டியில் முக்கித் தூக்கினார். தாள் வந்தது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டையும் வந்தது.

"என்ன இது?" என்றார் மேனேஜரம்மா.

"புது டிசைன்ம்மா. ஜன்னல் வச்ச தாள்."

"ஜன்னல் சரி. சுவர் எங்க?"

கூட்டம் சிரித்தது. மைக் மறுபடியும் முக்கினார். இந்த முறை ஒரு பக்கம் தோசைக்கல் கனம், இன்னொரு பக்கம் வெறும் வலை. அதை ஈரத்துணிமேல் கவிழ்க்கப் போனபோது, கூழ் மொத்தமும் வழுக்கி அவர் செருப்பின்மேல் விழுந்தது.

"கை கொஞ்சம் வழுக்குது இன்னிக்கு..."

"மைக்கண்ணே, கால்ல நல்லா ஒட்டியிருக்கு. காய வச்சு வித்துடு!" என்றாள் மெழுகுவத்திக்காரி.

மேனேஜரம்மா பேனாவை எடுத்தார். மைக் மூன்றாவது முறையாகச் சட்டத்தைக் குத்துக்கல்லாக நிறுத்தித் தொட்டிக்குள் இறக்கினார். அதற்குமேல் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"ஐயோ, தள்ளுங்க! சட்டத்தை இப்படியா பிடிப்பாங்க?"

தோள் பை மேசைமேல் விழுந்தது. மனைவி கூழை ஒரு கலக்குக் கலக்கினாள். சட்டத்தைச் சாய்த்து நுழைத்து, மட்டமாகத் தூக்கினாள். தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே முன்னும் பின்னும் ஒரு குலுக்கல், பக்கவாட்டில் ஒரு குலுக்கல். தண்ணீர் முழுக்க வடியும் முன் நிறுத்திவிட்டாள். ஓரத்தைத் துணியில் ஊன்றி, தூங்குகிற பிள்ளையைப் புரட்டுவதுபோல் சட்டத்தைப் புரட்டி எடுத்தாள். துணிமேல் பால் ஆடைபோல் ஒரு தாள் கிடந்தது.

மேனேஜரம்மா குனிந்து பார்த்தார். "நீங்க யாரு?"

"வாங்க... வாங்க வந்தவ."

"வாங்க வந்தவங்களுக்கு இது எப்படிக் கைவந்தது?"

மைக்கின் நாக்கில் பதில் தயாராக இருந்தது: நம்மகிட்ட வாங்கி வாங்கி, பாத்துப் பழகிட்டாங்கம்மா. சொன்னால் எல்லாரும் நம்பிவிடுவார்கள். கடை தப்பினாலும் தப்பும். வாயைத் திறந்தார். மனைவி தாளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதன் ஓரத்தில் பிசிறு இருக்கிறது என்று யாரிடமும் சொல்லவில்லை. இவ்வளவு பேர் தன் தாளைப் பார்த்து வாய் பிளப்பதை அவள் ஒருநாளும் பார்த்ததில்லையே என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"என் சம்சாரம்மா" என்றார். நாலு கடைக்கும் கேட்டது. "இங்க இருக்கிறது அத்தனையும் இவ செஞ்சது. என்னோடது வாய் மட்டும்தான்."

"இத இப்பதான் சொல்றியா?" என்றாள் மெழுகுவத்திக்காரி. "பேரம் பேச வந்தவ சாப்பாட்டு டப்பாவை வச்சிட்டுப் போனப்பவே எங்களுக்குத் தெரியும்."

கூட்டத்தில் ஒருவர் மட்டும் முகம் சுளித்தார். "அப்போ அன்னிக்கு இவங்க அடிச்சுப் பேசின விலைன்னு நானும் வாங்கினேனே?"

"அது நிஜமாவே அடிச்ச விலை சார். அதுக்காக அன்னிக்கு வீட்ல நான் போட்ட சண்டை எனக்குத்தான் தெரியும்" என்றார் மைக்.

அவரும் சிரித்துவிட்டார். மேனேஜரம்மா சிரிக்கவில்லை, கடைப் பதிவு அட்டையில் மைக்கின் பெயரைக் கோடிட்டு அடித்தார். "செய்யிறவங்களுக்குத்தான் கடை. இனிமே இது உங்க பேர்ல இருக்கும்மா. சம்மதமா?"

"இந்த இடம்னா வேண்டாம்" என்றாள் மனைவி.

மைக் குறுக்கே பாய்ந்தார். "அடியே..."

"சாரல் அடிக்குதும்மா. காகிதம் நனையுது. வாசல் பக்கம் கூரைக்குக் கீழ குடுங்க. வாரம் தவறாம எல்லார் முன்னாடியும் தாள் எடுத்துக் காட்டுறேன். கூட்டம் சேர்ந்தா உங்க சந்தைக்குத்தானே நல்லது?"

"வாசல் பக்கம் கேட்டுப் பலபேர் வரிசையில நிக்கிறாங்களேம்மா."

"அவங்கள்லாம் தொட்டி கொண்டுவருவாங்களா?"

மேனேஜரம்மா வாசல் பக்கம் பேனாவை நீட்டினார். இத்தனை வருஷமும் மைக் கெஞ்சிக் கூத்தாடிக் கிடைக்காத இடம். "கூட இவரும் வேணுமா?"

"மூட்டை தூக்க ஆள் வேணுமே."

மத்தியானத்துக்குள் தொட்டியோடு வாசலுக்குக் குடிபோனார்கள். தாள் எடுப்பதைப் பார்த்துக்கொண்டே நின்ற ஒரு பெண் ஒரு நோட்டைத் தூக்கி விலை கேட்டாள். மைக் வாயெடுக்கும் முன் மனைவி சொன்னாள். மைக் கனவிலும் சொல்லத் துணியாத விலை.

"குறைக்க மாட்டீங்களா?"

"மாட்டேன்" என்றாள், ஈரக் கையோடு அடுத்த தாளைத் தூக்கியபடி.

அந்தப் பெண் பையைத் திறந்தாள். மைக் சத்தம் காட்டாமல் நோட்டைச் சுற்றிக் கட்ட ஆரம்பித்தார்.