கூட்டிச் சொன்ன பத்து மாதம்

பொட்டுவின் சிறுமூளையில் இருந்த கட்டியை அறுவை சிகிச்சையில் ஏறக்குறைய முழுதாக எடுத்துவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாமல் எஞ்சியிருப்பதை அழிக்க, தலைக்கும் முதுகுத்தண்டுக்கும் திங்கட்கிழமை முதல் ஆறு வாரம் கதிர்வீச்சு. கோப்பைப் புரட்டிக்கொண்டே டாக்டரம்மா சொன்னார்.

"மூணு வயசு தாண்டிட்டதால கொடுக்கலாம்."

பொட்டுவின் அப்பன் லிஃப்ட் மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்த்தால்தான் அவனுக்குத் திருப்தி.

"தாண்டலைன்னா?"

"யோசிப்போம். மூளை மளமளன்னு வளர்ற வயசு அது. கதிர் பட்டா பின்னாடி படிப்பு, ஞாபகம், உயரம் எல்லாம் அடிவாங்கும். மூணுக்கு மேலயும் பாதிப்பு உண்டு, ஆனா குறைவு. அதனால சின்னதுங்களுக்கு முதல்ல மருந்தை மட்டும் ஏத்தி நாள் கடத்துவோம்."

மனைவியின் விரல்கள் அவன் முழங்கையை இறுக்கின.

"எனக்கு ஒண்ணுதான் கவலை," என்றார் டாக்டரம்மா. "மூணு வயசுப் பேச்சு இவகிட்ட இல்லை. ரெண்டு ரெண்டு வார்த்தையா சேர்த்துப் பேசுறதோட நின்னுடுறா. கட்டி அதையும் கெடுத்திருக்குமோன்னு எழுதி வெச்சிருக்கேன்."

இருவரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடைவழிக்கு வந்தார்கள்.

பொட்டுவுக்கு உண்மையில் இரண்டு வயது நான்கு மாதம். மனைவி வேலை பார்க்கும் தையல் ஆலையின் காப்பகத்தில் இரண்டு முடிந்த பிள்ளைகளைத்தான் எடுப்பார்கள். பிறப்பைத் தாமதமாகப் பதிந்தபோது அவன் பத்து மாதம் கூட்டி, சத்தியம் பண்ணிச் சொன்னான். 'ரெண்டு வயசா, இத்தனூண்டு இருக்கே?' என்று ஆயா கேட்டதற்கு, 'அப்பன் ஜாடை, வளர நாளாகும்' என்று சொல்லிச் சமாளித்தான். அந்தத் தேதிதான் ஆஸ்பத்திரிக் கோப்பிலும் ஏறியிருந்தது.

"இப்பப் போய்ச் சொன்னா, பொய்க்காரங்கன்னு துரத்திட்டா?" என்றான்.

"துரத்தட்டும்."

"வெறும் மருந்து குடுத்து, கட்டி திரும்ப வந்துட்டா?"

"அதை அவங்க யோசிக்கட்டும். நம்ம பொய்யை வெச்சு யோசிக்கக் கூடாது." குரலைத் தாழ்த்தினாள். "பத்து மாசம் கூட்டினது யாரு?"

"நான்தான்."

"அப்ப நீங்களே போய்க் கழிங்க."

அவன் கதவைத் தட்டினான்.

"டாக்டரம்மா, எம் பொண்ணுக்கு இன்னும் மூணு ஆகலை."

மனைவி பையிலிருந்து தடுப்பூசி அட்டையை எடுத்து நீட்டினாள். உண்மைத் தேதி அதில் இருந்தது. டாக்டரம்மா அட்டையைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"நாலு பேர் ஏறுற லிஃப்ட்ல எட்டு பேர்னு எழுதி ஒட்டுவீங்களா?"

"மாட்டேங்க."

"அப்புறம்?"



டாக்டரம்மா தொலைபேசியை எடுத்தார். "திங்கட்கிழமைக் குழந்தையை நிறுத்தி வைங்க. ஆமா, கதிர் இப்ப இல்லை. நாளைக்கு எல்லாரும் உக்காந்து மறுபடி பேசணும்."

வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"மருந்துல ஆரம்பிப்போம்னுதான் நினைக்கிறேன். கேட்டுச்சுன்னா கதிரைத் தள்ளிப்போடலாம். சில பிள்ளைங்களுக்குத் தேவைப்படாமலே போயிருக்கு. சத்தியம் பண்ணித் தர மாட்டேன்."

"வேண்டாம்," என்றாள் மனைவி. "நாங்க பண்ணினதே போதும்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேனாவால் கோப்பில் ஒரு வரியை அடித்தார்.

"பேச்சைப் பத்தி எழுதினது. ரெண்டே கால் வயசுக்கு இந்தப் பேச்சு தாராளம். கட்டி அங்கே கை வெச்ச மாதிரி தெரியலை."

அவன் கேட்காமலே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். மனைவியின் தோளில் பொட்டு, கட்டுப்போட்ட தலையைத் திருப்பி, டாக்டரம்மாவின் அடையாள அட்டைக் கயிற்றை எட்டிப் பிடித்து இழுத்தாள்.

"மூணு முடிய இன்னும் எட்டு மாசம்," என்றார் டாக்டரம்மா, கயிற்றை விடுவிக்காமல். "அதுவரைக்குமாவது தாங்கணும்."

"தாங்குவா."

"நான் மருந்தைச் சொன்னேம்மா."

"நான் இவளைச் சொன்னேன்," என்றாள் மனைவி. "மருந்தை நீங்க பாத்துக்குங்க."