விட்டுப் படித்த வரிகள்

ஜாம்பியாவில் இன்ஜினியராக இருந்த அரங்கநாதன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்து அன்று பதினாறாம் நாள். அங்கேயே தகனம் முடிந்துவிட்டது. செந்துறை வீட்டில் அவன் படத்துக்கு மாலை போட்டு உறவினர் கூடியிருந்தார்கள்.

தம்பி அய்யாக்கண்ணு பந்தல் காலைப் பிடித்தபடி நின்றான். அரியலூரில் சுண்ணாம்புக்கல் வெட்டும் இடத்தில் அவனுக்கு வேலை. தாயைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் அவன்தான். ஆனால் ஊர் வாயில் மணந்ததெல்லாம் அண்ணன் பெயர்.

எழுதப் படிக்கத் தெரியாத தாய் கொளஞ்சியம்மாளுக்கு எட்டு வருடமாக அண்ணனின் கடிதங்களைப் படித்துக் காட்டியவனும் அவனே. முதல் கடிதத்தைக் கேட்டதும் அவள் அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அய்யாக்கண்ணு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அடுத்த கடிதத்திலிருந்து அம்மாவைப் பற்றிய வரி வந்தால் தாண்டிவிடுவான். வேலை, மழை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், அவ்வளவுதான் அவள் காதுக்குப் போகும். இடையில் ஒரே முறை ஊருக்கு வந்தபோதும் அரங்கநாதன் அதிகம் பேசவில்லை. நெஞ்சில் இருப்பது அவனுக்கு எழுத்தில்தான் வரும்.

"ஆத்தா எப்புடியிருக்கன்னு ஒரு வார்த்த எழுதலியே எம்புள்ள!" என்று கொளஞ்சியம்மாள் படத்தின் முன் அழுதாள்.

"சீமைக்குப் போனா மண்ணு மறந்துடும் அண்ணி" என்றாள் அத்தை மருதாயி. "பொண்டாட்டி புள்ளதான் ஒலகம்."

கொளஞ்சியம்மாள் அய்யாக்கண்ணுவின் கையைப் பற்றினாள். "நீதான்டா எம்புள்ள. அவன் யாரோ."

எத்தனை வருடம் ஏங்கிய சொல்! கேட்டதும் ஒரு கணம் இனித்தது. மறுகணம் அண்ணனின் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. செத்தவனால் வந்து மறுக்க முடியாது. கல்லங்குறிச்சிப் பெருமாளே என்று மனதுக்குள் முனகிக்கொண்டு உள்ளே போனான். டிரங்குப் பெட்டியிலிருந்து நீலக் கடிதக் கட்டைக் கொண்டுவந்து எல்லோர் முன்னும் பிரித்து, ஒன்றை எடுத்து உரக்கப் படித்தான்.

"அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? சின்னவளுக்கு நான்தான் தினம் தலை பின்னிவிடுகிறேன். அவள் தலையைத் தொடும்போதெல்லாம் அம்மா எனக்கு எண்ணெய் தேய்த்த கை ஞாபகம் வருகிறது. தம்பி பக்கத்தில் இருப்பதால்தான் நான் இங்கே தூங்குகிறேன்."

மருதாயி வாயில் கை வைத்தாள். "இது எப்ப வந்துச்சு?"

"எழுவத்தாறுல. எல்லாத்துலயும் இருக்கு அத்த. நான்தான் வுட்டுட்டுப் படிச்சேன்."

"அடப்பாவி! அம்மாளுக்கு வந்த சோத்த வழியிலயே தின்னுட்டியேடா!"

கொளஞ்சியம்மாள் மகன் முகத்தைப் பார்க்கவில்லை. காகிதத்தை வாங்கி மடியில் வைத்துத் தடவினாள். "ஏன்டா?" என்றாள்.

"நீ மொத கடுதாசிய கண்ணுல ஒத்துனியேம்மா. என் கைய ஒருநாளும் ஒத்துனதில்லியே."

அவள் அழுகை நின்றது. மற்றக் கடிதங்களையும் எடுத்து ஒவ்வொன்றாக அவன் முன் அடுக்கினாள். பிறகு தண்ணீர்ச் சொம்பை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"தொண்ட கட்டிக்கிச்சு பாரு. குடிச்சிட்டு மொதல்லேருந்து படி. ஒரு எழுத்த வுடாத."