படகில் தூங்குகிறவர்கள்

ஒரு கடல், அதில் ஒரு படகு, படகில் ஏழு பேர். இவ்வளவையும் ஓராண்டு உயிரோடு வைத்திருக்க ஆகும் செலவு, ஒரு ஜோடி நல்ல செருப்பின் விலை. இணையதளத்துக்கு இடம் வாடகைக்கு விடுகிறவர்கள் அதற்கு மேல் கேட்பதில்லை. இத்தனை வருடம் அதைக் கைக்காசில் கட்டிவந்தவர், 'ஆந்தை' என்ற பெயரில் எழுதியவர். ஒருநாள் அவரிடமிருந்து திரைச்சீலைக் கடை நடத்தும் ஒருத்திக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது.

"கடுகு, மாசக் கடைசியில தளத்தை மூடறேன். அதுக்குள்ள உங்க மாலுமியை எழுப்புங்க. கரையைப் பார்த்துட்டுப் போயிடறேன்."

கடுகு என்பது கல்யாணத்துக்கு முன்பு அந்தத் தளத்தில் எழுத அவள் வைத்துக்கொண்ட புனைபெயர். ஏழு பேர் முகம் பார்க்காமல் முறை வைத்து எழுதிய கதைதான் அந்தப் படகு. ஆளுக்கொரு பாத்திரம். அடுத்தவர் பாத்திரத்தைப் பேசவைக்கவோ, நகர்த்தவோ, கொல்லவோ கூடாது. எழுதுகிறவர் வராமல் போனால் அவருடைய பாத்திரம் தூங்கும். படகு திசை தெரியாமல் நின்றபோது அவளுடைய மாலுமி, "வழி எனக்குத் தெரியும்" என்றாள். அத்தோடு கடுகு கல்யாணம், குழந்தை, கடை என்று போய்விட்டாள். மாலுமி தூங்கினாள். படகு நின்றது நின்றபடி.

வாடிக்கையாளர் இல்லாத மதியத்தில், கடைக் கணினியில் அவள் பழைய பக்கங்களைத் திறந்தாள். எதிரே நாத்தனார் துணி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன, கணக்கு உதைக்குதா?"

"இல்ல அண்ணி. ஒருத்தருக்கு வழி சொல்றேன்னு சொல்லியிருந்தேன்."

"சொல்லிட்டு வா. வர்ற வழியில ஒரு செருப்பும் வாங்கிக்கோ. அறுந்த வாருக்கு ஊக்கு குத்தி நடக்கறே, முதலாளியம்மா."

"எனக்கு வழி தெரியாது அண்ணி. அப்பவே தெரியாது."

கத்தரிக்கோல் நிற்கவில்லை. "சரக்கே இல்லாம இருக்குன்னு சொல்லியிருக்கே. இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே தேறிட்டே போ."

அந்தக் கடையில் எந்த நிறம் கேட்டாலும் இல்லை என்று சொல்லும் வழக்கமில்லை. "உள்ள இருக்கு, உட்காருங்க" என்று மின்விசிறியை வந்தவர் பக்கம் திருப்பிவிட்டு, பின்வாசல் வழியாகப் பக்கத்துக் கடைக்கு ஓடி எடுத்துவர வேண்டும். வந்தவர் சிலசமயம் அந்தக் கடையில் பேரம் படியாமல் வந்தவராகவே இருப்பார். அதே துணிதான். இங்கே எடுத்துக்கொண்டு திருப்தியாகப் போவார்.

"பக்கத்துக் கடையில எடுக்க வேண்டியதுதானே?" என்றாள் நாத்தனார்.

படகில் பக்கத்துக் கடை ஒன்றுதான் திறந்திருந்தது. மற்ற ஐவரும் ஒவ்வொருவராக வராமல் போக, ஆந்தை மட்டும் வாரம் தவறாமல் எழுதியிருந்தார். அவருடைய பாத்திரம் விளக்குக்காரன். 'இன்று தண்ணீர் பச்சையாக இருக்கிறது. சாயங்காலம் பறவைகள் வலப்பக்கம் போயின. மாலுமிக்குப் போர்த்திவிட்டேன்.' இன்னொரு வாரம், 'எங்கிருந்தோ விறகுப் புகை வாசனை.' பக்கம் பக்கமாக இப்படித்தான். வேறு வேலையே இல்லாத மனிதர் போலிருந்தது. அவள் எல்லாவற்றையும் படித்தாள், வேண்டியதை வெட்டினாள், மடித்தாள்.

மாலுமி எழுந்தாள். "நான் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நீ சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். பறவைகள் போன பக்கம் திருப்பு. பச்சைத் தண்ணீரை விடாதே. புகை வாசனை வந்ததும் வேகத்தைக் குறை."

மறுநாள், கதைக்கு வெளியே பேசிக்கொள்ளும் பக்கத்தில் ஆந்தை வந்தார்.

"கடுகு, இது என் சரக்கு. என்கிட்டயே விக்கறீங்களா?"

"மடிச்சுக் கொடுத்தது நான், ஆந்தையாரே. கூலி வேண்டாமா?"

"அப்போ உங்களுக்கு வழி தெரியவே தெரியாதா?"

"தெரியாது."

பிறகு கதையில் நான்கு வரி வந்தது. படகு மணலில் தட்டியது. விளக்குக்காரன் இறங்கினான். கணுக்கால்வரை தண்ணீர். விளக்கை அணைத்தான்.

"எனக்கு இது போதும். ஆனா இன்னும் அஞ்சு பேர் படகுலயே தூங்கறாங்களே," என்று எழுதினார்.

"தூக்கிட்டுப் போய்க் கரையில போடலாமா?"

"நகர்த்தினதா ஆயிடும். நமக்கு உரிமை இல்ல."

"இனிமேயா வரப்போறாங்க அவங்கெல்லாம்?"

"நீங்க வந்தீங்களே. ஆனா இனி நான் கட்டமாட்டேன். தளத்தோட சாவி வேணுமா?"

அவள் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து அது முதல்தடவையாக இருக்கலாம்.

மாதக் கடைசியில் கடையடைக்கும்போது நாத்தனார் அவள் காலைப் பார்த்தாள். "செருப்பு வாங்கலையா?"

"வாங்கிட்டேன் அண்ணி."

"எங்கே?"

"உள்ள இருக்கு."

"எனக்கேவா!" என்று நாத்தனார் கதவை இழுத்துப் பூட்டினாள்.

வரவு, ஒரு கரை. கொடுத்தது, ஒரு வழி, அதுவும் கைமாற்று. செலவு, ஓராண்டு வாடகை. நிலுவை, ஐந்து பேர்.